சேசிஸ் எண் திருத்தப்பட்ட வண்டியைப் போலீஸ் பறிமுதல் செய்தால்: வாங்கியவருக்கான முழுமையான வழிகாட்டி

பழைய கார் ஒன்றை நியாயமான விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கிறது, இன்சூரன்ஸ் உங்கள் பெயரில் இருக்கிறது, கடன் தவணையும் உங்கள் கணக்கிலிருந்துதான் கழிகிறது. வேலை மாற்றலாகி வேறு மாநிலத்துக்குப் போவதால் தடையின்மைச் சான்று வாங்க ஆர்டிஓ அலுவலகம் போகிறீர்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் சேசிஸ் எண்ணை விரலால் தடவிப் பார்க்கிறார், டார்ச் அடித்துப் பார்க்கிறார், வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்கிறார். மாலைக்குள் அது காவல் நிலைய வளாகத்தில் நிற்கிறது.

"பணம் கொடுத்துத்தானே வாங்கினேன்?" என்று எல்லோரும் கேட்பார்கள். அந்தக் கேள்வி உங்களைச் சிறையிலிருந்து காக்கும், வண்டியைக் காக்காது. இந்த வேறுபாடு பிடிபடாததால்தான் பலர் மாதக்கணக்கில் ஸ்டேஷன் வாசலில் காத்துக் கிடக்கிறார்கள். உங்கள் முன் இருப்பவை மூன்று தனித்தனி வேலைகள்: குற்றம் சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் பெயர் வராமல் பார்த்துக்கொள்வது, வண்டி யாருக்குச் சேரும் என்ற கேள்வியை நீதிமன்றத்தில் சந்திப்பது, விற்றவரிடமிருந்து பணத்தை மீட்பது. ஒவ்வொன்றுக்கும் சட்டமும் வேறு, போக வேண்டிய இடமும் வேறு.

எண்ணில் என்ன செய்திருப்பார்கள்?

இன்றைய வண்டிகளின் சேசிஸ் எண்ணில் 17 எழுத்துகளும் இலக்கங்களும் இருக்கும். ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் அதில் வரக்கூடாது. ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பிவிடும் என்பதே காரணம். அவற்றில் ஒன்று இருந்தாலே அந்த எண் போலி. முதல் மூன்று இடங்கள் தயாரிப்பாளரைச் சொல்லும்: எம்.ஏ.3 என்றால் மாருதி சுசுகி, எம்.ஏ.டி. (MAT) என்றால் டாடா, எம்.ஏ.எல். என்றால் ஹூண்டாய், எம்.டி.2 (MD2) என்றால் பஜாஜ், எம்.டி.6 (MD6) என்றால் டிவிஎஸ். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்தே ஆக வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 122-ஆம் விதி.

திருடியவர்கள் செய்வது பெரும்பாலும் மூன்று வகை. எண்ணை அரைத்து அழித்துவிட்டு வேறு எண் அடிப்பது ஒன்று. 3-ஐ 8 ஆக்குவது, 1-ஐ 4 ஆக்குவது போல ஓரிரு இலக்கங்களை மட்டும் திருத்துவது இன்னொன்று. மூன்றாவதுதான் உண்மையில் ஆபத்தானது. விபத்தில் நொறுங்கிப்போன வண்டியை அதன் ஆர்.சி.க்காகவே வாங்குவார்கள். பிறகு அதே மாடல், அதே நிறத்தில் ஒரு வண்டியைத் திருடுவார்கள். நொறுங்கிய வண்டியில் எண் பொறித்த தகட்டை வெட்டியெடுத்துத் திருடிய வண்டியில் பற்றவைத்துவிடுவார்கள். ஆர்.சி. உண்மையானது, எண்ணும் தொழிற்சாலையில் அடித்ததே, அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகனில் தேடினாலும் எல்லாம் பொருந்தும். கழற்றிய பாகங்களுக்குப் பேர்போன மீரட்டின் சோதிகஞ்ச் சந்தையை உத்தரப் பிரதேச போலீஸ் 2021 டிசம்பரில் இழுத்து மூடியது. சந்தைகளை மூடினாலும் இந்த வித்தை ஒழிந்துவிடவில்லை.

போலீஸுக்கு முன்னால் நீங்களே கண்டுபிடித்தால்

மெக்கானிக் சொல்லியோ, நீங்கள் போகாத ஊரிலிருந்து அபராத ரசீது வந்தோ சந்தேகம் எழலாம். உங்கள் எண்ணில் இன்னொரு வண்டி எங்கோ ஓடுகிறது என்பதற்கு இப்படிப்பட்ட ரசீது நல்ல அடையாளம். இந்தக் கட்டத்தில் எடுக்கும் முடிவுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுப் பொருளைப் பற்றிய 317(2)-ஆம் பிரிவு, தெரிந்தே நேர்மையற்ற முறையில் "பெறுவதை" மட்டும் குற்றமாக்கவில்லை, "வைத்திருப்பதையும்" குற்றமாக்குகிறது; மூன்றாண்டு வரை சிறை. வாங்கிய நாளில் நீங்கள் அப்பாவி. உண்மை தெரிந்த பிறகும் சத்தமில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பெயர் நிலைக்காது. வேறொருவர் தலையில் கட்டினால் அது மோசடி. 318(4)-இன் கீழ் ஏழாண்டு வரை போகலாம். "ஆர்டிஓவில் ஆள் இருக்கிறது, சரிசெய்து தருகிறேன்" என்று ஏஜென்ட் யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வண்டியை நிறுத்துங்கள். எண் இருக்கும் இடத்தைப் பல கோணங்களில் படம் எடுங்கள். அங்கே துடைக்கவும் தேய்க்கவும் வண்ணம் பூசவும் வேண்டாம். வாங்கிய ஆவணங்களின் நகலோடு எழுத்துப்பூர்வமான புகாரைக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். வண்டி கையைவிட்டுப் போய்விடுமே என்ற தயக்கம் புரிகிறது. போகத்தான் செய்யும். ஆனால் நீங்கள் புகார்தாரராக உள்ளே போகிறீர்கள், சந்தேக நபராக அல்ல.

பறிமுதல் நடக்கும் நாளில்

திருட்டுப் பொருள் என்று சந்தேகிக்கப்படும் எதையும் கைப்பற்றும் அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவிலிருந்து போலீஸுக்கு வருகிறது. 2024 ஜூலை 1-க்கு முன் இதுவே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102-ஆம் பிரிவு. பழைய வக்கீல்கள் இன்னும் அந்த எண்ணைத்தான் சொல்வார்கள். கைப்பற்றியதை உடனே நீதித்துறை நடுவருக்கு அறிக்கையாக அனுப்ப வேண்டும் என்பதும் அதே பிரிவு. கைப்பற்றுவதை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று 105-ஆம் பிரிவு சொல்கிறது.

அன்று நீங்கள் கவனிக்க வேண்டியது பறிமுதல் மகஜர், அதாவது எதைக் கைப்பற்றினார்கள் என்று போலீஸ் எழுதும் பதிவு. அதில் சேசிஸ் எண், எஞ்சின் எண், கிலோமீட்டர் அளவு, டயர், பேட்டரி, ஸ்டீரியோ, உள்ளே இருந்த பொருள்கள் ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்டேஷன் வளாகத்தில் நின்ற வண்டிகளில் பேட்டரி காணாமல் போவது புதிய செய்தி அல்ல. மகஜரில் எழுதாத பொருளைப் பின்னால் கேட்க முடியாது. அசல் ஆர்.சி.யைக் கேட்டால் கொடுங்கள், ஆனால் அதுவும் மகஜரில் ஏறட்டும். மற்ற அசல்களுக்கு நகல் போதும்.

விசாரணைக்கு அழைத்தால் எந்தப் பிரிவில் அழைக்கிறார்கள் என்று பாருங்கள். 179-ஆம் பிரிவு என்றால் சாட்சி. 35(3)-ஆம் பிரிவு நோட்டீஸ் என்றால் உங்கள் மேலும் சந்தேகம் இருக்கிறது. ஆனாலும் அந்த நோட்டீஸின்படி தவறாமல் ஆஜராகிக்கொண்டிருந்தால் பொதுவாகக் கைது செய்ய மாட்டார்கள். காரணத்தை எழுதிப் பதிவு செய்தால்தான் கைது செய்யலாம். அந்த நோட்டீஸ் கைக்கு வந்த அன்றே வக்கீலைப் பாருங்கள். போலீஸிடம் தரும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்பது சட்டம். "சும்மா ஒரு கையெழுத்து" என்றால் என்ன எழுதியிருக்கிறது என்று முழுவதும் படித்துவிட்டுப் பேசுங்கள்.

உங்கள் நேர்மைக்குச் சான்று நீங்கள் பணம் கொடுத்த விதம்தான். வங்கி வழியாகப் போன தொகை, விற்றவரின் அடையாள அட்டை நகல், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி ஒரு கோப்பு தயாரியுங்கள். சந்தை விலையில் பாதிக்கு, முழுவதும் ரொக்கமாக வாங்கியிருந்தால் "தெரியாது" என்பதை நம்பவைப்பது கடினம். "நம்புவதற்குக் காரணம் இருந்தது" என்பதே அந்தக் குற்றத்துக்குப் போதுமானது.

தடய அறிவியல் ஆய்வகத்தில்

மோட்டார் வாகன ஆய்வாளர் சந்தேகம் எழுப்பலாம், இறுதியாகச் சொல்வது ஆய்வக அறிக்கை. உளியால் எண் அடிக்கும்போது மேல்பரப்பில் பள்ளம் விழுவதோடு, அதற்குக் கீழே உள்ள உலோகமும் அழுந்தி இறுகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் எண்ணை அரைத்து எடுத்தாலும் அந்த இறுக்கம் அடியில் மிஞ்சும். அந்த இடத்தை மெருகேற்றி, இரும்பு என்றால் காப்பர் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த ஃப்ரை கரைசலைத் தடவுவார்கள். அழுந்திய பகுதியை அமிலம் மற்ற இடத்தைவிட வேறு வேகத்தில் அரிக்கும். பழைய எண் மங்கலாக எழும். எழும்போதே படம் எடுத்துவிடுவார்கள். மிக ஆழமாக அரைத்திருந்தாலோ, தகட்டையே மாற்றியிருந்தாலோ எதுவும் எழாது. தகடு மாற்றிய வண்டியில் வண்ணத்துக்கு அடியில் இருக்கும் வெல்டிங் தடமே சாட்சி. அப்போது எஞ்சின் எண், கியர்பாக்ஸ் எண், வண்டியின் கணினியில் பதிந்திருக்கும் எண் ஆகியவற்றை வைத்துத் தயாரிப்பாளரிடம் கேட்டு உண்மையான வண்டியைக் கண்டுபிடிப்பார்கள்.

திருத்தம்போல் தெரிவதெல்லாம் திருத்தம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கடலோர ஊர்களில் துருப்பிடித்து எண் அழிந்த வண்டிகள் ஏராளம். விபத்துக்குப் பின் அந்தப் பகுதியையே மாற்றியிருக்கலாம், எஞ்சினை மாற்றியிருக்கலாம். உங்கள் வழக்கு இதுவானால் சர்வீஸ் பில், இன்சூரன்ஸ் சர்வேயர் அறிக்கை, ஆர்டிஓ அனுமதி ஆகியவற்றில் கிடைப்பதையெல்லாம் விசாரணை அதிகாரியிடம் கொடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பும் கடிதத்தோடு சேர்க்கும்படி எழுதிக் கேளுங்கள். அறிக்கை வந்த பிறகு காட்டுவதைவிட முன்பே காட்டுவது நல்லது.

வண்டிக்கான மனு

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரம் இன்ஸ்பெக்டரிடம் இருப்பதாக நினைப்பதுதான் இந்த விவகாரத்தில் நேரத்தை அதிகம் விழுங்கும் தவறு. நீதித்துறை நடுவர் நீதிமன்றம்தான் போக வேண்டிய இடம். வண்டி நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்டிருந்தால் (தமிழ்நாட்டில் படிவம் 95 வழியாக அனுப்புவார்கள்) நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ஆம் பிரிவில் மனு. இன்னும் ஒப்படைக்கவில்லை என்றால் 503-ஆம் பிரிவு. பழைய எண்கள் 451, 457.

497-இல் புதிதாகக் காலக்கெடு வந்திருக்கிறது. பொருள் தன் முன் ஒப்படைக்கப்பட்ட 14 நாளுக்குள் நீதிமன்றம் அதன் விவரப் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். படம் எடுக்க வேண்டும், தேவையானால் வீடியோவும் எடுக்க வேண்டும். அதிலிருந்து 30 நாளுக்குள் யாரிடம் ஒப்படைப்பது, அழிப்பதா, அரசுடைமை ஆக்குவதா என்று உத்தரவிட வேண்டும். விசாரணையில் அந்தப் பட்டியலும் படமுமே சான்றாகும். வண்டிகளை ஸ்டேஷனில் போட்டுத் துருப்பிடிக்கவிடக் கூடாது, பிணைப் பத்திரம் வாங்கி உரியவரிடம் கொடுக்க வேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. உங்கள் மனுவில் இரண்டையும் குறிப்பிடச் சொல்லுங்கள்.

நடுவர் கேட்கும் கேள்வி "யார் அப்பாவி?" என்பதல்ல, "இதை வைத்திருக்க உரிமை யாருக்கு?" என்பதே. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 27-ஆம் பிரிவு: விற்றவருக்கு இருந்ததைவிட நல்ல உரிமை வாங்கியவருக்கு வராது. திருடனுக்கு உரிமை இல்லை, அவனிடமிருந்து பத்துக் கை மாறி வந்தாலும் உரிமை முளைக்காது. ஆகவே எதிரில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே முடிவு அமையும்.

திருட்டுக் கொடுத்தவர் அடையாளம் தெரிந்து மனுப்போட்டால் வண்டி அவருக்குத்தான் போகும். அவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீடு கொடுத்து முடித்திருந்தால் அந்த நிறுவனமே உரிமை கோரும். இப்படிப்பட்ட மனுக்களை ஏறக்குறைய 30 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் ஜெனரல் இன்சூரன்ஸ் கவுன்சில் வழக்கில் சொன்னது. இந்த நிலையில் வண்டிக்காக வாதாடிச் செலவு செய்யாதீர்கள் என்பது என் எண்ணம். அந்தப் பணத்தையும் ஆற்றலையும் விற்றவரின் மேல் திருப்புங்கள்.

உண்மையான உரிமையாளர் யார் என்றே தெரியாவிட்டால் நிலைமை வேறு. நடுவர் 503(2)-இன் கீழ் பொது அறிவிப்பு வெளியிடுவார். உரிமை கோர ஆறு மாதம் அவகாசம். யாரும் வராவிட்டால் 504-ஆம் பிரிவு: யாரிடமிருந்து கைப்பற்றப்பட்டதோ அவர், தான் சட்டப்படி பெற்றதாகக் காட்ட முடியாமல் போனால், வண்டியை மாநில அரசின் வசம் விட்டு விற்க உத்தரவிடலாம். நம் ஊரில் இந்த வண்டிகள் அரசுக்குப் போகும் முக்கியமான வழி இது. அந்த வாக்கியத்தின் நடுவில் உங்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது: "சட்டப்படி பெற்றதாகக் காட்ட முடியாமல் போனால்". முதல் நாளில் அடுக்கி வைத்த கோப்பு இங்கேதான் உதவும். இந்தச் சூழலில் விற்கக் கூடாது, உருவம் மாற்றக் கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனைகளோடும் பிணையோடும் இடைக்காலமாக வண்டியை ஒப்படைக்கும்படி கேட்கலாம். கிடைத்தாலும் அது உரிமை அல்ல, பாதுகாப்புப் பொறுப்பு மட்டுமே. மனு தள்ளுபடியானால் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மறுசீராய்வுக்குப் போவதா என்பதை வக்கீலோடு கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். வழக்கு முடிந்தபின் 498-ஆம் பிரிவில் வரும் இறுதி உத்தரவுக்கு 500-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு.

ஒப்பிட்டுப் பார்க்க, அமெரிக்காவில் இதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. அடையாள எண் அழிக்கப்பட்ட வண்டி அந்தக் காரணத்துக்காகவே கைப்பற்றப்பட்டு அரசுடைமை ஆகலாம் என்கிறது அவர்களுடைய கூட்டாட்சிக் குற்றச் சட்டத்தின் 512-ஆம் பிரிவு. தீயிலோ மோதலிலோ எண் அழிந்திருந்தால் விலக்கு என்பதையும் அதிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஆர்.சி. ரத்து

நீதிமன்றத்தில் மனு நடக்கும்போதே ஆர்டிஓவிலிருந்து பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் வரலாம். வண்டியில் பொறித்த எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் வேறாக இருந்தால் பதிவை ரத்துசெய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 55(5)-ஆம் பிரிவு வழிவகுக்கிறது. அதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். பதில் எழுதாமல் விட்டுவிடாதீர்கள். "வழக்கு நிலுவையில் உள்ளது, ஆய்வக அறிக்கை வரவில்லை, அதுவரை முடிவெடுக்க வேண்டாம்" என்று ஒரு பக்கம் எழுதினாலும் போதும். வீடு மாறியிருந்தால் அந்தத் தபால் பழைய முகவரிக்குத்தான் போகும்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் கடன் கொடுத்த வங்கிக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். போலீஸ் கைப்பற்றியதைத் திருட்டு என்று காட்டி இழப்பீடு கேட்க முடியாது. வண்டி இல்லை என்பதற்காகத் தவணை நிற்காது. நிறுத்தினால் வங்கியும் உங்கள் மேல் வழக்குப் போடும்.

பணத்தை மீட்பது

மீதமிருப்பது விற்றவர். விற்கும் உரிமை தனக்கு இருக்கிறது என்ற உறுதி ஒவ்வொரு விற்பனையிலும் அடங்கியிருப்பதாகச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். அது உங்கள் பிரச்சினை அல்ல, அவர் தனக்கு விற்றவரைத் தேடிக்கொள்ளட்டும். முதலில் வக்கீல் நோட்டீஸ். பிறகு உரிமையியல் நீதிமன்றம், மூன்றாண்டு கெடு. விற்றவர் வியாபாரியாக இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே கெடு இரண்டாண்டு, செலவும் குறைவு. தெரிந்தே விற்றார் என்பதற்கு அறிகுறி இருந்தால் மோசடிப் புகாரும் சேரும்.

அதிகம் பேர் அறியாத ஒரு பிரிவு நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 499. திருட்டுக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவரிடம் கைதின்போது பணம் எடுக்கப்பட்டிருந்து, நீங்கள் அறியாமல் வாங்கியவர் என்று நிரூபணமாகி, வண்டியும் உரியவருக்குத் திரும்பியிருந்தால், அந்தப் பணத்திலிருந்து நீங்கள் கொடுத்த விலை வரை உங்களுக்குத் தர நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆனால் நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது. ஆகவே வண்டி போய்விட்டது என்று வழக்கைக் கண்காணிக்காமல் விட்டுவிடாதீர்கள்; வழக்கு எண்ணைக் குறித்துவைத்து இ-கோர்ட்ஸ் தளத்தில் வாய்தா தேதிகளைப் பாருங்கள்.

அடுத்த வண்டி வாங்கும்போது

ஆர்.சி.யைப் பார்த்து எண்ணைத் தேடாதீர்கள். வண்டியில் எண்ணைப் படித்துவிட்டு ஆர்.சி.யைத் திறங்கள். காரில் ஓரிடத்துக்கு மேல் எண் இருக்கும். எல்லா இடமும் ஒத்துப்போக வேண்டும். பைக்கில் ஹேண்டில் கழுத்துப் பகுதியில் பாருங்கள். இலக்கங்களுக்கு இடையே இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா, சுற்றியுள்ள வண்ணம் மற்ற இடத்தைவிடப் புதிதா, தடவினால் மேடு தட்டுகிறதா என்று கவனியுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் சேவையில் எண்ணைக் கொடுத்து, திருட்டுப் பட்டியலில் இல்லை என்ற சான்றை எடுத்துக்கொள்ளுங்கள். தகடு வெட்டி ஒட்டிய வண்டி இந்தத் தேடல்களில் சிக்காது. அதற்கு அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் வண்டியின் கணினியை ஸ்கேன் செய்யச் சொல்லி, உள்ளே பதிந்த எண்ணையும் பெரிய விபத்துப் பழுது வரலாற்றையும் கேளுங்கள். வியாபாரியிடம் வாங்கினால், 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகளுக்கு அவசியமாக்கப்பட்ட அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். பதிவு செய்ய ஆகும் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளாமல் "பெயர் மாற்றம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பவரிடம் முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.

போலீஸ் ஏலத்தில் எடுப்பவர்களுக்கு: ஏல அறிவிப்பில் உங்கள் வண்டிக்கு நேராக "மறுபதிவுக்கு உரியது" என்றிருக்கிறதா, "பழைய இரும்பு" என்றிருக்கிறதா என்று கேட்டுவிட்டு விலை சொல்லுங்கள். முதல் வகைக்கு ஏல உத்தரவோடு படிவம் 32 கொடுத்துப் பெயர் மாற்றலாம். இரண்டாவது வகையை ஓட்டிக்கொண்டு வெளியே வந்தால் அடுத்த சோதனைச் சாவடியிலேயே வண்டி திரும்ப ஸ்டேஷனுக்குப் போய்விடும்.